ஒரு கஸ்ராவின் வரலாறு
அறபு வினைத்திரிபும் வட்டார வழக்குகளும்

அறபுக் கல்லூரி ஒன்றில் ஏழாண்டுகள் ஸர்பும் நஹ்வும் பயின்று தேறிய மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காகக் கெய்ரோ செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வினைத்திரிபு வாய்பாடுகளை உறக்கத்திலும் பிழையின்றி ஒப்புவிக்கக் கூடியவர் அவர். ஆயினும், விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களிலேயே அவர் திகைத்துப் போகிறார். "நீ அறிவாய்" என்பதற்குத் "தஃரிபு" என்று அவர் மனனமிட்டிருக்க, வண்டியோட்டியும் கடைக்காரரும் "திஃரப்" என்கின்றனர். முன்னெழுத்தின் அகரம் இகரமாகிவிட்டது. நடுவெழுத்தின் இகரம் அகரமாகிவிட்டது. இறுதி உகரமோ காணாமலே போய்விட்டது. "அல்குர்ஆனின் மொழியை அதற்குரிய மக்களே சிதைத்துவிட்டார்களே" என்று அவர் மனம் நோகிறார். அவருடைய ஆசிரியர்களிற் பலரும் அவ்வாறே அவருக்குச் சொல்லியிருப்பர்.

இத்தீர்ப்பு சரியானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். இதற்கு விடை காண நாம் நவீன மொழியியலாளரிடம் முதலிற் செல்ல வேண்டியதில்லை. அறபு இலக்கணத்தின் மூல நூலாகக் கொள்ளப்படும் ஸீபவைஹியின் 'அல்-கிதாப்' நூலைத் திறந்தாலே போதுமானது. கெய்ரோவின் தெருவில் நம் மாணவர் கேட்ட அந்த இகரத்துக்கு, அதாவது கஸ்ராவுக்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நூலில் ஒரு தனி இயல் ஒதுக்கப்பட்டுள்ளது.

வேரும் வார்ப்பும்

தமிழில் 'எழுது' என்ற பகுதியோடு இடைநிலையும் விகுதியும் பின்னால் வந்து சேர, எழுதினான், எழுதுகிறாள், எழுதுவோம் எனச் சொல் வளர்கிறது. பகுதி பெரும்பாலும் சிதைவதில்லை. அறபு மொழியின் இயல்பு இதற்கு வேறானது. அங்கே வினையின் வேர் என்பது உயிரோசை இல்லாத மெய்களின் ஒரு தொகுதி. பெரும்பாலும் மூன்று மெய்கள். காப், தா, பா என்னும் மூன்றும் 'எழுதுதல்' என்ற கருத்தைச் சுமக்கின்றன. அவற்றின் இடையிடையே உயிரோசைகளைப் பெய்தும், முன்னும் பின்னும் சில எழுத்துக்களைச் சேர்த்தும் சொற்கள் வார்க்கப்படுகின்றன. கதப (எழுதினான்), யக்துபு (எழுதுவான்), காதிப் (எழுதுபவன்), மக்தூப் (எழுதப்பட்டது), கிதாப் (நூல்), மக்தபா (நூலகம்) யாவும் ஒரே வேரின் வெவ்வேறு வார்ப்புக்கள்.

இவ்வமைப்பை முதன்முதலில் முழுமையாக உணர்ந்து முறைப்படுத்தியவர் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்-பராஹீதீ ஆவார். ஓமானைப் பூர்வீகமாகக் கொண்டு ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இவர், 'கிதாபுல் ஐன்' என்ற அகராதியைத் திட்டமிட்டபோது சொற்களைத் தேடித் தொகுப்பதிலிருந்து தொடங்கவில்லை. எழுத்துக்களைக் கணக்கிடுவதிலிருந்து தொடங்கினார். மூன்று மெய்களை இடம் மாற்றி அடுக்கினால் ஆறு வேர்கள் பிறக்கும். அவற்றுள் எவை அறபியரிடம் வழங்குகின்றன, எவை வழங்கவில்லை என ஆராய்வதே அவருடைய முறை. 28 எழுத்துக்களுள் ஒன்றே மீண்டும் வராதபடி மூன்றை அடுக்குவதற்கு 19,656 வழிகள் உள்ளன. இரண்டு முதல் ஐந்து எழுத்துக்கள் வரையிலான எல்லா அடுக்குகளையும் கூட்டினால் 1,23,05,412 என்ற பேரெண் வரும். கலீலின் முறைப்படி எண்ணப்பட்ட இத்தொகையைப் பிற்கால அறிஞர்களும் வியப்புடன் எடுத்தெழுதினர். இயலக்கூடிய வேர்களின் பெருங்கடலில், மக்கள் உண்மையாக வழங்கும் வேர்கள் ஒரு சிறு பகுதியே என்பதும் இதனாற் புலனாயிற்று.

வார்ப்புக்களை அளக்கப் பா, ஐன், லாம் என்ற மூன்றெழுத்துக்களை அறபு இலக்கணியர் அளவுகோலாக்கினர். 'கதப' என்பது 'பஅல' என்ற அளவில் அமைந்தது. 'காதிப்' என்பது 'பாஇல்' என்ற அளவில் அமைந்தது. மூவெழுத்து வினைகளை, நடுவெழுத்தின் உயிரோசை இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் எவ்வாறு அமைகிறது என்பதைக் கொண்டு ஆறு வாயில்களாகப் பிரித்தனர். நஸர – யன்ஸுரு, ழரப – யழ்ரிபு, பதஹ – யப்தஹு, அலிம – யஃலமு, கரும – யக்ருமு, ஹஸிப – யஹ்ஸிபு என நம் மத்ரஸாக்களில் இன்றும் இசையோடு ஓதப்படும் அந்த ஆறு வாயில்களும் பல தலைமுறை அறிஞர்களின் உழைப்பின் சாரமாகும்.

செவியே முதற் கருவி

இவ்விலக்கணம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? அல்குர்ஆனிலிருந்தும் பண்டைய கவிதைகளிலிருந்தும் என்று கூறுவது பாதி உண்மையே. மறுபாதி, மக்களின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. பஸ்ராவின் எல்லையில் மிர்பத் என்ற சந்தை இருந்தது. பாலைவனத்திலிருந்து ஒட்டகங்களோடு அங்கு வந்த நாட்டுப்புற அறபியரிடம் இலக்கணியர் கேள்விகள் கேட்டனர். அவர்களது பேச்சைச் செவிமடுத்தனர். சிலர் பாலைவனத்துக்கே சென்று குலங்களோடு தங்கினர். கலீலின் மாணவரான ஸீபவைஹி பாரசீக வம்சத்தவர். ஷீராஸுக்கு அருகில் உள்ள பைழா என்ற ஊரினர். ஹிஜ்ரி 180ஆம் ஆண்டளவில் (கி.பி. 796) மறைந்த அவர், தம் ஆசிரியர்களிடமும் குலத்தவரிடமும் கேட்டவற்றையெல்லாம் தமது நூலில் பதிவு செய்தார். இன்ன குலத்தார் இவ்வாறு கூறுவர், ஹிஜாஸ் வாசிகள் இவ்வாறு கூறுவர், தமீம் குலத்தார் இவ்வாறு கூறுவர் என்ற குறிப்புக்கள் அந்நூலெங்கும் விரவிக் கிடக்கின்றன.

அவற்றுள் ஒன்றுதான் நமது கஸ்ரா பற்றிய இயல். எதிர்கால வினையின் தொடக்கத்தில் அலிப், தா, யா, நூன் ஆகிய நான்கில் ஒன்று வரும் என்பது யாவரும் அறிந்ததே. இறந்தகால வினையின் நடுவெழுத்து கஸ்ரா பெற்றிருப்பின், எதிர்காலத்தின் முன்னெழுத்தும் கஸ்ரா பெறும் என்று ஸீபவைஹி எழுதுகிறார். 'அலிம' (அறிந்தான்) என்பதையே அவர் உதாரணமாகத் தருகிறார். 'நீ அறிவாய்' என்பது திஃலமு. 'நான் அறிவேன்' என்பது இஃலமு. 'நாம் அறிவோம்' என்பது நிஃலமு. யாவுக்குக் கஸ்ரா இடுவது நாவுக்குக் கனமானது என்பதால் அதனை மட்டும் பெரும்பாலும் தவிர்த்தனர். இவ்வழக்கு யாருடையது என்பதையும் அவர் சொல்கிறார்: ஹிஜாஸ் வாசிகள் நீங்கலாக அறபியர் அனைவருடையதும் அதுவே.

இக்குறிப்பின் கனத்தை நாம் நின்று நிதானித்து உணர வேண்டும். நாம் மத்ரஸாவில் மனனமிடும் 'தஃலமு' என்பது ஹிஜாஸின் வழக்கு. ஏனைய அறபியரின் நாவில் அது 'திஃலமு' என்றே வழங்கியது. அறபு இலக்கணத்தின் தந்தையெனப் போற்றப்படுபவர் இதனைப் பிழை என்று கூறவில்லை; வழுவெனப் பழிக்கவுமில்லை. அதன் விதியைக் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, எழுதி வைத்தார்.

கிராஅத்தில் எஞ்சிய சுவடு

இவ்வழக்கு சந்தைப் பேச்சில் மட்டும் நிலவவில்லை. கூபாவின் புகழ்பெற்ற காரிகளுள் ஒருவரான யஹ்யா இப்னு வஸ்ஸாப் (மறைவு ஹிஜ்ரி 103) சூரத்துல் பாத்திஹாவின் 'நஸ்தஈன்' என்ற சொல்லை 'நிஸ்தஈன்' என ஓதியதாகத் தப்ஸீர், கிராஅத் நூல்கள் பதிவு செய்துள்ளன. அஃமஷ் (மறைவு ஹிஜ்ரி 148) அவர்களுடனும் அவ்வோதல் தொடர்புபடுத்தப்படுகிறது. பிற்காலத்தில் கிராஅத்கள் வரையறுக்கப்பட்டபோது இது 'ஷாத்' என்ற பிரிவில் அடங்கிவிட்டது. எனவே தொழுகையில் இதனை ஓதுவதற்கில்லை. எனினும், மொழி வரலாற்றுக்கு இது ஓர் உறுதியான சான்று. அந்தக் காரிகள் மொழியறியாதவர்கள் என்று எவரும் கூறத் துணியார்.

அதைவிட வியப்பானது, நாம் 'தூய அறபு' என்று கருதும் புஸ்ஹாவிலேயே அந்தக் கஸ்ரா ஒரு சொல்லில் உறைந்து கிடப்பதாகும். 'கால – யகாலு' என்ற வினைக்கு 'எண்ணினான்' என்பது பொருள். 'நான் எண்ணுகிறேன்' என்பது விதிப்படி 'அகாலு' என்றிருத்தல் வேண்டும். ஆனால் 'இகாலு' என்ற கஸ்ராவுடைய வடிவமே அகராதிகளில் முதன்மை பெற்று நிற்கிறது. கஃப் இப்னு ஸுஹைர் (ரழி) நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் பாடிய 'பானத் ஸுஆத்' கஸீதாவிலும் இச்சொல் அவ்வடிவிலேயே ஓதப்பட்டு வருகிறது. வாய்பாட்டுக்கு விலக்கு என்று நாம் கடந்து செல்லும் ஒரு சொல், ஒரு பெரும் வழக்கின் கடைசிச் சாட்சியாக நிற்கிறது.

பதிவு பழியான கதை

ஸீபவைஹிக்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் நிலைமை மாறிவிட்டது. பக்தாதில் வாழ்ந்த கூபா மரபின் பேரறிஞர் ஸஃலப் (மறைவு ஹிஜ்ரி 291 / கி.பி. 904), குறைஷியரின் நாவன்மையைப் போற்றும் இடத்தில், அவர்களிடம் காணப்படாத குறைகளைப் பட்டியலிடுகிறார். தமீமின் 'அன்அனா', ரபீஆவின் 'கஷ்கஷா' என நீளும் அப்பட்டியலில் பஹ்ராக் குலத்தின் 'தல்தலா'வும் இடம்பெறுகிறது. தல்தலா என்பது நாம் மேலே கண்ட கஸ்ராவே. ஹிஜாஸ் நீங்கலாக அனைவரின் வழக்கு என்று எழுதப்பட்டது, இப்போது ஒரு குலத்தின் குறையாகச் சுருங்கிவிட்டது. கஸ்ரா மாறவில்லை, அதனைப் பார்த்த கண்தான் மாறியது.

இதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. இஸ்லாம் பரவிய நிலங்களில் கோடிக்கணக்கானோர் அறபைப் புதிதாகக் கற்றனர். கற்பிப்பதற்கு ஒரே சீரான விதி தேவைப்பட்டது. மார்க்கத் தீர்ப்புக்களும் அரச ஆவணங்களும் ஐயத்துக்கிடமற்ற ஒரு மொழியைக் கோரின. எந்தக் குலங்களின் பேச்சைச் சான்றாகக் கொள்ளலாம் என்ற வரையறை இறுக்கமாகியது. கைஸ், தமீம், அஸத், ஹுதைல் ஆகியவற்றையும், கினானா, தய்யி ஆகியவற்றின் சில கிளைகளையும் ஏற்று, அயல்நாட்டு எல்லைகளில் வாழ்ந்த குலங்களை ஒதுக்கியதொரு பட்டியல் தத்துவ அறிஞர் பாராபியின் பெயரால் வழங்குகிறது. நியம மொழி ஒன்று உருவாக இவை யாவும் தேவையாக இருந்தன. அதனை நாம் குறைகூற முடியாது.

ஆனால், அந்நியம மொழி ஒரே குலத்தின் பேச்சன்று என்பது மறக்கப்படலாயிற்று. முன்னெழுத்தின் பத்ஹாவைப் புஸ்ஹா ஹிஜாஸிடமிருந்து பெற்றது. ஹம்ஸாவை அழுத்தி ஒலிப்பதையோ ஹிஜாஸிடமிருந்து பெறவில்லை. தமீம் முதலான கிழக்குக் குலங்களிடமிருந்தே பெற்றது. ஹிஜாஸியர் ஹம்ஸாவை இலேசாக்கி விடுபவர்கள். உஸ்மானிய முஸ்ஹபின் எழுத்தமைப்பில் ஹம்ஸாவுக்குத் தனிக்குறி இல்லாதிருந்ததும், ஐனின் தலையைப் போன்ற குறியைக் கலீல் பிற்பாடு அமைத்ததும் இதனாலேயே.

இரட்டித்த மெய்யுடைய வினைகளிலும் இவ்வாறே. ஜஸ்ம் பெறும் நிலையில் ஹிஜாஸியர் இரு மெய்களையும் பிரித்து 'யர்ததித்' என்பர். தமீமியர் இணைத்து 'யர்தத்த' என்பர். அல்பகரா 217ஆம் வசனத்தில் முதல் வடிவமும், நாம் ஓதும் ஹப்ஸ் ரிவாயத்தின்படி அல்மாஇதா 54ஆம் வசனத்தில் இரண்டாம் வடிவமும் வருகின்றன. இறைமறையே இரு குலங்களின் திரிபுகளுக்கும் இடமளித்திருக்க, ஒன்றை மட்டும் தூயதெனவும் மற்றதை மாசு எனவும் எவ்வாறு கூறுவது?

இவ்வினாவை நேர்மையுடன் எதிர்கொண்டவர் மோஸூலில் பிறந்த இப்னு ஜின்னீ (மறைவு ஹிஜ்ரி 392 / கி.பி. 1002). தமது 'அல்-கஸாஇஸ்' நூலில், அறபியரின் வழக்குகள் வேறுபடுவதையும் அவை யாவும் சான்றாகத் தக்கவை என்பதையும் நிறுவ ஓர் இயலை ஒதுக்கினார். ஒரு வழக்கு மற்றதினும் பரவலானதாகவும் வலிமையானதாகவும் இருக்கலாம். அதனைத் தெரிந்துகொள்வது முறையே. ஆனால் மற்றதைப் பேசியவன் அறபியரின் மொழிக்குப் பிழை செய்தவன் ஆகான் என்பது அவருடைய முடிவு.

மேற்கே, ஸெவில் நகரத்தவரான இப்னு ஹிஷாம் அல்-லக்மீ (மறைவு ஹிஜ்ரி 577) இவ்வழியைப் பின்பற்றினார். பொதுமக்களின் பிழைகளைத் தொகுத்த அந்தலூஸிய அறிஞர் ஸுபைதீயையும், ஸிஸிலியின் இப்னு மக்கீயையும் அவர் மறுத்துரைத்தார். நீங்கள் பிழை என்று தள்ளியவற்றுட் பல, பழைய அறபியரின் வழக்குகளாகப் பதிவாகியிருக்கின்றனவே என்பது அவருடைய வாதம்.

களிமண் பலகைகள் கூறும் சாட்சி

கஸ்ராவின் கதை இங்கு முடியவில்லை. 1894இல் யாகோப் பார்த் என்ற ஜெர்மானிய அறிஞர் ஸாமிய மொழிகளை ஒப்பிட்டு ஒரு விதியை வெளியிட்டார். எதிர்கால வினையின் நடுவில் அகரம் வரின் முன்னெழுத்து இகரம் பெறும். நடுவில் இகரமோ உகரமோ வரின் முன்னெழுத்து அகரம் பெறும் என்பது அதன் சாரம். அன்று அது ஊகம் கலந்ததாகவே தோன்றியது. 1929இல் ஸிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தில் உகாரித் நகரத்தின் களிமண் பலகைகள் தோண்டி எடுக்கப்பட்டன. அவை கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அம்மொழியின் எழுத்துமுறையில் ஹம்ஸாவுக்கு மட்டும் உயிரோசை வேறுபாட்டைக் காட்டும் மூன்று எழுத்துக்கள் இருந்தன. 'நான்' என்ற முன்னெழுத்து எந்த வினையில் அகரம் பெறுகிறது, எதில் இகரம் பெறுகிறது என்பதை இதனால் நேரடியாகக் காண முடிந்தது. 1930களில் கின்ஸ்பெர்க் என்ற அறிஞர் பார்த்தின் விதி அங்கே செயற்படுவதை எடுத்துக்காட்டினார்.

இப்போது ஸீபவைஹியின் இயலுக்குத் திரும்புவோம். இறந்தகாலத்தின் நடுவில் கஸ்ரா பெற்ற வினைகள் எதிர்காலத்தில் பெரும்பாலும் நடுவில் பத்ஹா பெறுபவை. அலிம – யஃலமு என்பதுபோல. அவ்வினைகளுக்கே முன்னெழுத்தில் கஸ்ரா வரும் என்று அவர் கூறினார். பலகைகளிலிருந்து கண்டறியப்பட்ட விதியும் அதுவே. பஸ்ராவில் இருந்த ஓர் அறிஞர், தமக்கு ஈராயிரம் ஆண்டுகள் முந்திய ஒரு மொழியமைப்பின் எச்சத்தை, அதன் தொன்மையை அறியாமலேயே, செவியால் மட்டும் கேட்டுப் பிசகின்றிப் பதிவு செய்திருக்கிறார். 'குறை' என்று பின்னோர் ஒதுக்கிய தல்தலா, ஸாமிய மொழிகளின் மிகப் பழைய சொத்து. அனைத்து வினைகளுக்கும் பத்ஹாவையே இட்டுச் சீராக்கியதுதான் ஹிஜாஸில் நிகழ்ந்த பிந்திய மாற்றம்.

அவ்விதி இன்றும் உயிரோடிருக்கிறது. நடு அறேபியாவின் நஜ்து பிரதேசப் பேச்சில் 'எழுதுவான்' என்பது 'யக்திப்' என அகரத்துடனும், 'செவிமடுப்பான்' என்பது 'யிஸ்மஃ' என இகரத்துடனும் வழங்குகின்றன. கெய்ரோ, டமஸ்கஸ் முதலிய நகரங்களிலோ இகரம் தன் எல்லையைக் கடந்து பெரும்பாலான வினைகளுக்கும், யாவுக்கும்கூடப் பரவிவிட்டது. ஆகவே நம் மாணவர் கேட்ட 'திஃரப்' முழுவதும் பழையதுமன்று, முழுவதும் புதியதுமன்று. கெய்ரோவாசிகள் 'அரப' என்பதை 'இரிப்' எனக் கஸ்ராவுடைய வாயிலுக்கு மாற்றிக்கொண்டனர். மாற்றிய பின் அவ்வாயிலுக்குரிய பழைய விதியின்படியே 'திஃரப்' என்றனர். சிதைவு என்று தோன்றியதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

தெருவில் வாழும் பழைய வடிவங்கள்

இஃதொரு தனி நிகழ்ச்சியன்று. 'ஓதினேன்' என்பதற்குப் புஸ்ஹாவில் 'கரஃது' என்கிறோம். கெய்ரோவில் அது 'அரேத்' ஆகும். ஹம்ஸா மறைந்து, யாவில் முடியும் வினைபோல அது திரிகிறது. இதுவும் நேற்றுப் பிறந்த பிழையன்று. பஸ்ராவின் மொழியறிஞர் அபூ ஸைத் அல்-அன்ஸாரீ, 'கரய்து' என்று கூறும் அறபியரைத் தாம் கேட்டதாக ஸீபவைஹியிடம் தெரிவித்தார் எனவும், அவ்வாறாயின் அவர்கள் எதிர்கால வினையை எங்ஙனம் கூறுவர் என ஸீபவைஹி திருப்பிக் கேட்டார் எனவும் ஒரு செய்தி நூல்களில் உள்ளது. எதிர்காலத்தில் அவர்கள் ஹம்ஸாவுடன் 'அக்ரஉ' என்றே கூறுவர் என அபூ ஸைத் விடையிறுக்க, அப்படியானால் 'அக்ரீ' என்றல்லவா இருக்க வேண்டும் என்றாராம் ஸீபவைஹி. ஒரு வடிவம் மாறினால் அதன் கூட்டம் முழுவதும் மாற வேண்டும் என்ற அவருடைய எதிர்பார்ப்பு, இன்றைய ஊர்வழக்குகளில் பெருமளவு நிறைவேறியிருக்கிறது.

'மறுமொழி கூறினேன்' என்பது புஸ்ஹாவில் 'ரதத்து', கெய்ரோவில் 'ரத்தேத்'. இரட்டித்த மெய்க்குப் பின் யா ஒன்று வந்து சேர்கிறது. இரட்டித்தலின் கனத்தைத் தவிர்க்க இறுதி மெய்க்குப் பதிலாக யாவை இடும் வழக்கையும் ஸீபவைஹி பதிவு செய்துள்ளார். 'தளன்னன்து' என்பது 'தளன்னய்து' ஆவது போல. 'சொல்லி எழுதுவித்தல்' என்ற பொருளில் அல்குர்ஆனில் இரு வடிவங்களும் உள்ளன: அல்பகரா 282ஆம் வசனத்தில் இரு லாம்களோடும், அல்புர்கான் 5ஆம் வசனத்தில் ஒரு லாம் நீங்கி நெடிலோடும்.

யமனின் மேற்கு மலைப்பகுதிகளில் 'எழுதினேன்' என்பதற்குக் 'கதப்த்து' என்னாது, தாவின் இடத்தில் காப் இட்டுக் 'கதப்க்' என்ற வகையில் பேசுவோர் உள்ளனர். ஹபஷாவின் பழைய கீஸ் மொழியிலும் அவ்விடத்தில் காப் ஓசையே வருகிறது. புஸ்ஹாவில் உள்ள செயப்பாட்டுவினை வடிவமும், பெண்பாற் பன்மை வினையும் பெரும்பாலான நகரங்களில் வழக்கொழிந்துவிட்டன. ஆயினும் நஜ்திலும் பல நாட்டுப்புறக் குலங்களிலும் அவை எஞ்சியுள்ளன.

புதியவையும் உள

இவ்வளவையும் கொண்டு, ஊர்வழக்குகளில் உள்ள யாவும் தொன்மையானவை என்று வாதிடுவது மற்றொரு மிகையாகும். அவற்றில் புதியனவும் ஏராளம். இரட்டையைக் குறிக்கும் வினை மறைந்துவிட்டது. வினையின் இறுதி உயிர்கள் நீங்கியமையால் நஸ்ப், ஜஸ்ம் என்ற வேறுபாடுகள் இல்லையாயின. அவை விட்ட இடத்தைப் புதிய முன்னொட்டுக்கள் நிரப்பின. எகிப்திலும் ஷாமிலும் நிகழ்வதைக் குறிக்க வினையின் முன் 'பி' சேர்கிறது. மொரோக்கோவில் 'கா' சேர்கிறது. வருவதைக் குறிக்க எகிப்தியர் இடும் 'ஹ' என்பது, 'செல்பவன்' என்று பொருள்படும் 'ராயிஹ்' என்ற சொல் தேய்ந்து உருவானது. இதனைக் கண்டு நகைப்பவர், புஸ்ஹாவின் 'ஸ' என்ற முன்னொட்டு 'ஸவ்ப' என்ற சொல்லின் தேய்வே எனக் கூபா இலக்கணியர் கருதியதை நினைவுகூர்தல் நன்று. ஒரே செயல், ஒரு காலத்தில் இலக்கணமாகவும் மறு காலத்தில் சிதைவாகவும் தோன்றுகிறது.

மேற்கு நாடுகளின் வழக்கில் மற்றொரு புதுமை உண்டு. அங்கே 'நான் எழுதுகிறேன்' என்பதற்கும் நூனே முன்னெழுத்தாகும்; 'நாம்' என்பதைக் குறிக்க இறுதியில் உகரம் சேர்க்கப்படும். லிபியாவிலிருந்து மொரோக்கோ வரை இதுவே வழக்கு. கிரனாடா வீழ்ந்த சில ஆண்டுகளுக்குள், 1505இல், பேத்ரோ தெ அல்கலா என்ற ஸ்பானியத் துறவி அந்நகரத்து அறபைத் தொகுத்து அச்சிட்ட நூல்களிலும் ஒருமையில் இந்நூன் காணப்படுகிறது. இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் மோல்ட்டா மொழியிலும் அவ்வாறே. ஆட்சியும் மதமும் எழுத்தும் மாறிய பின்னரும் மூன்று மெய்களின் வேரும் அதன் திரிபும் அத்தீவில் மாறாது நிற்கின்றன. அயலிலிருந்து வந்த சொற்களையும் இவ்வச்சு விட்டுவைப்பதில்லை. கிரேக்கத்திலிருந்து வந்த தத்துவம் அன்று 'தபல்ஸப' எனத் திரிந்தது. தொலைபேசி இன்று 'தல்பன' எனத் திரிகிறது.

ஏன் இந்த மௌனம்?

இத்தகைய ஆய்வை முஸ்லிம் அறிஞர்கள் முற்றாகக் கைவிட்டனர் எனல் பொருந்தாது. கெய்ரோவின் யூஸுப் அல்-மக்ரிபீ (மறைவு கி.பி. 1611) தம் நகரத்தவரின் சொற்களைத் திரட்டி, அவற்றுட் பலவற்றுக்கு அறபு அகராதிகளில் ஆதாரம் உண்டென்று காட்ட 1606ஆம் ஆண்டளவில் ஒரு நூல் யாத்தார். எகிப்தியரின் பேச்சின் மீதிருந்த சுமையை நீக்குதல் என்பதே அதன் தலைப்பின் கருத்து. அதன் ஒரேயொரு பிரதி ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதனை அங்கு கொண்டு சேர்த்தவர், அஸ்ஹரில் கற்பித்துவிட்டு 1840இல் அந்நகருக்கு அறபு கற்பிக்கச் சென்ற முஹம்மத் அய்யாத் அத்-தன்தாவீ. அவரும் எகிப்தியப் பேச்சு வழக்குக்கு ஓர் இலக்கணம் எழுதி 1848இல் வெளியிட்டார்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறையின் மீது அரசியலின் நிழல் விழுந்தது. 1880இல் ஜெர்மானியரான ஸ்பிட்டா எகிப்தியப் பேச்சு வழக்கின் இலக்கணத்தை எழுதியபோது, அதனையே எழுத்து மொழியாக்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தார். 1893இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்கொக்ஸ், எகிப்தியரிடம் புதியன படைக்கும் ஆற்றல் இல்லாமைக்குப் புஸ்ஹாவே காரணம் என உரையாற்றினார். 1901இல் ஆங்கிலேய நீதிபதி வில்மோர் இலத்தீன் எழுத்தையும் பேச்சு வழக்கையும் ஒருங்கே வலியுறுத்தினார். ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு இவை அல்குர்ஆனின் மொழியிலிருந்து தம்மைப் பிரிக்கும் சூழ்ச்சியாகவே தென்பட்டன. 1903இல் ஹாபிஸ் இப்ராஹீம், அறபு மொழியே தன் நிலைக்கு இரங்கிப் பேசுவதாக அமைத்த புகழ்பெற்ற கவிதை இச்சூழலில் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதன் விளைவாக, ஊர்வழக்கை ஆராய்பவர் எவராயினும் புஸ்ஹாவின் பகைவர் என்ற ஐயம் வேரூன்றிவிட்டது. ஸீபவைஹியும் இப்னு ஜின்னீயும் வளர்த்த செவிமடுக்கும் கலை, நம் பாடத்திட்டங்களில் இடமிழந்தது.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் அருகருகே வாழ்வதைத் தாய்மொழியிலேயே கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதன் தீர்வு கடினமாக இராது. மேடையில் ஒன்றும் வீட்டில் மற்றொன்றும் பேசுவதால் நாம் எதனையும் சிதைத்தவர்களாக எண்ணுவதில்லை. அறபுலகை ஒன்றிணைப்பதும், வஹியை அதன் சொற்களிலேயே விளங்க வழிசெய்வதும் புஸ்ஹாவே. அதன் இடத்தை எந்த ஊர்வழக்கும் எடுக்கலாகாது. ஆயின் அதனை மதிப்பதற்கு, அதனோடு உடன்பிறந்தவற்றை இழிவுபடுத்த வேண்டிய அவசியமில்லை. மத்ரஸாவின் இறுதியாண்டில் ஸீபவைஹியின் அந்த ஓர் இயலையேனும் மாணவர் வாசித்திருப்பாராயின், கெய்ரோவின் வண்டியோட்டி "திஃரப்" என்றபோது அவர் முகம் சுளித்திருக்கமாட்டார். பஸ்ராவின் சந்தையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்தப் பாரசீக இளைஞரைப் போல, அருகே சென்று, இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்டிருப்பார்.